ஏழு கிலோ இருநூறு

"என் தங்கச்சியைத் திருப்பிக் குடுங்க."

கையிலிருந்த காகிதத்தில் இந்த வரி கிடையாது. அதில் இருந்தது பாட்டியைப் பற்றி நான் எழுதிய நாலு பத்தி. முதல் பத்தியை வாசித்து முடித்தேன், எல்லோரும் தலையாட்டினார்கள். இரண்டாவது பத்தி 'தனக்கென்று எதையும் வைத்துக்கொள்ளாதவர்' என்று ஆரம்பிக்கும். அதற்குமேல் நாக்கு நகரவில்லை. நிமிர்ந்து, முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பெரியம்மாவைப் பார்த்து அதைச் சொல்லிவிட்டேன்.

மாமாவின் மெத்தைக் கடையில், தையல் கூடத்தில், பாட்டியின் நினைவுக் கூட்டத்துக்கு அன்று நாற்பது பேராவது வந்திருந்தார்கள். மெஷின்களைச் சுவரோரம் தள்ளிவிட்டு, விலைபோகாத மெத்தைகளைத் தரையில் விரித்து எல்லோரையும் உட்கார வைத்திருந்தார் மாமா. பிஸ்கட் கடிக்கிற சத்தம்கூட நின்றுபோனது.

அச்சகக்காரர் மட்டும் பேனாவை எடுத்தார். நினைவு அட்டை அடிக்கப்போகிறவர் அவர். "இந்த வரியும் அட்டையில வருமாம்மா?" என்று கேட்டார். காது கொஞ்சம் மந்தம், பாவம்.

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். அந்த வார்த்தைக்கு என் வாயில் பூட்டுப் போட்டவளே அவள்தான். ஆறு வயதில் பெரியம்மா வீட்டு வாசலில் நின்று "பாப்பாவைக் குடு, பாப்பாவைக் குடு" என்று நான் கத்தியபோது, தரதரவென்று இழுத்து வந்தாள். "இன்னொரு தடவை இதைக் கேட்டே, வாயிலேயே சூடு வெப்பேன்" என்றாள். பதினேழு வருஷம் கேட்கவில்லை.

பாட்டி செத்து ஒரு மாதம். 'மறைந்து' என்றுதான் அட்டைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். மாமா கேட்டது அப்படி. "நம்ம வீட்ல நீதான் படிச்சவ. அம்மாவைப் பத்தி நாலு வரி நல்லதா எழுதி வாசி." நல்லதாக எழுத ஆள் வேண்டுமென்றால் நான் பட்டதாரி. மற்ற நாளெல்லாம் வாயாடி.

நல்லதாக எழுதுவது ஒன்றும் கஷ்டமாக இல்லை. அந்தக் கிழவி நிஜமாகவே கொடுத்தவள். பக்கத்துத் தெருவில் படுக்கையோடு கிடந்த ஒரு பெரியவருக்கு மூன்று துண்டாகப் பிரியும் மெத்தை தைத்தாள். நடுத்துண்டை மட்டும் கழற்றிக் கழுவலாம். அவருடைய மருமகள் அதற்கப்புறம்தான் மாமனார் முகத்தைப் பார்த்துப் பேச ஆரம்பித்தாள். நின்றுகொண்டே தூங்கும் காவலாளிக்கு அவருடைய பழைய கோட்டுக் கைகளையே அடைத்துக் கழுத்துக்கு ஒரு தலையணை. யாரிடமும் கூலி வாங்கவில்லை. பள்ளிக்கூடம் போகாதவள், அளவு நாடாவின் எண்களை மட்டும்தான் படிப்பாள். ஆனால் ஒரு உடம்பைப் பார்த்தால் அதற்கு எங்கே வலிக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

குழந்தை பிறந்த வீட்டுக்கு வேறு மாதிரி. பஞ்சு நிறுக்கும் தொங்கு தராசை எடுத்துக்கொண்டு போவாள். துணியில் முடிந்து குழந்தையை அதில் மாட்டி எடை பார்ப்பாள். இரண்டு நாள் கழித்து அதே எடையில் ஒரு துணிப்பொம்மை வரும். பஞ்சுக்கு எடை போதாது என்று வயிற்றுக்குள் கழுவிக் காயவைத்த மணல் பை. கழுத்தை மட்டும் தளர்வாகத் தைப்பாள். தூக்குகிறவள் கை தானாகக் கழுத்துக்கடியில் போகும். "பிள்ளை வளர்ந்துடும். இது அப்படியே இருக்கும், வச்சுக்கோ" என்பாள். தெருவே அன்று தங்கள் பொம்மைகளைக் கொண்டு வந்திருந்தது. அவள் படத்துக்குக் கீழே இரட்டை மெத்தையில் முப்பத்தொரு பொம்மை, ஆஸ்பத்திரி வார்டு மாதிரி வரிசையாகக் கிடந்தன.

எங்கள் வீட்டுப் பொம்மை அதில் இல்லை. அம்மா கொண்டு வரவில்லை. அதன் எடை ஏழு கிலோ இருநூறு. எந்தக் குழந்தையும் அந்த எடையில் பிறக்காது.

அப்பா கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து செத்தபோது எனக்கு ஆறு வயது, தங்கச்சி குட்டிக்கு ஐந்து மாதம். அம்மா இங்கே பஞ்சு பிரிக்கும் மெஷினில் வேலைக்குச் சேர்ந்தாள். பஞ்சுத் தூசியில் கிடந்து குட்டிக்கு இழுப்பு வந்தது. பெரியம்மாவுக்குக் கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம், பிள்ளை இல்லை. பெரியம்மா கேட்டாள், பாட்டி கொடுத்தாள். கேட்டவருக்கு இல்லை என்று சொல்லாதவள் அல்லவா? அதுதான் முதல் பத்தியின் கடைசி வரி, எல்லோரும் தலையாட்டிய வரி.

கொடுப்பதற்கு முன்னால் எட்டு மாதக் குழந்தையைத் தராசில் மாட்டி நிறுத்தாள். மூன்று நாள் உட்கார்ந்து தைத்தாள். பெரியம்மா குட்டியைத் தூக்கிக்கொண்டு முன்வாசல் வழியாகப் போன அதே நிமிஷம், பாட்டி அடுக்களையிலிருந்து வந்து அம்மாவின் மடியில் பொம்மையை வைத்தாள். "கை வெறுமையா இருக்கக் கூடாதுடி" என்றாள். இதைவிடப் புத்திசாலித்தனமான கொடுமையை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை.

அம்மா அந்தப் பொம்மையோடுதான் தூங்கினாள். நான் சுவர் பக்கம். ஒரு நாள் கத்தரிக்கோலால் அதன் வயிற்றைக் கீறிவிட்டேன். மணல் தரையெல்லாம் கொட்டியது. அம்மா துடைப்பத்தால் கூட்டி, முறத்தில் அள்ளி, கடைக்கு எடுத்துப்போய் நிறுத்து, குறைந்த நாற்பது கிராமுக்கு வேறு மணல் போட்டுத் தைத்தாள். அதற்கப்புறம்தான் என்னை அடித்தாள்.

பெரியம்மா குட்டியை நன்றாகத்தான் வளர்த்தாள். அதைச் சொல்லாவிட்டால் நான் பொய்க்காரி. இழுப்புக்கு வைத்தியம் பார்த்தாள், நாலு வருஷம் தோளிலேயே போட்டு வைத்திருந்தாள். குட்டி அவளை அம்மா என்றாள், என் அம்மாவைச் சித்தி என்றாள். எல்லாம் தெரியும் அவளுக்கு. தெரியும் என்று யாரும் சொல்லிக்கொண்டதில்லை.

குழந்தையை மாற்றினார்களே தவிர, காகிதத்தை மாற்றவில்லை. பிறப்புச் சான்றிதழில் என் அம்மா பெயரும் அப்பா பெயரும்தான் இன்னும் இருக்கிறது. வீட்டில் எழுத்துத் தெரிந்தவர் யாரும் அப்போது இல்லை. அதே காகிதத்தைக் கொடுத்துத்தான் பெரியம்மா அவளைப் பள்ளியில் சேர்த்தாள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க அவளுக்குத் தோன்றவில்லை, பார்த்தாலும் தெரிந்திருக்காது.

இப்போது குட்டிக்குக் கட்டடக்கலைப் படிப்பில் இடம் கிடைத்திருக்கிறது. ஐந்து வருஷம், விடுதியில் தங்கி. விண்ணப்பத்தை அவளும் நானும் சேர்ந்துதான் பூர்த்தி செய்தோம். செலவை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். பதினெட்டு ஆக அவளுக்கு நாலு மாதம் பாக்கி. அதனால் சான்றிதழில் உள்ள பெற்றோர் கையெழுத்து வேண்டும். கடைசி நாள் திங்கட்கிழமை. கூட்டம் நடந்தது ஞாயிற்றுக்கிழமை. பத்து நாளாக அம்மாவிடம் கெஞ்சிவிட்டேன். "உங்க பெரியம்மாவைக் கேளு" என்பாள். பெரியம்மாவைக் கேட்டால், "அவளுக்கு எங்கம்மா கைடி. அவ மெஷின்ல உக்கார வேண்டியவ" என்பாள். ஹோட்டல் ஒன்றுக்கு முந்நூறு குஷன் ஆர்டர் வந்திருந்தது. பாட்டியின் மெஷின் காலியாக இருந்தது.

இவ்வளவுதான் விஷயம். இதற்குத்தான் அந்த வார்த்தை.

மாமாதான் முதலில் எழுந்தார். "பட்டதாரியம்மா, மைக் கிடைச்சா என்ன வேணா பேசறதா?"

"மைக் எங்க இருக்கு மாமா? இது என் தொண்டை."

"தொண்டையை அடக்கு. செத்தவங்க படத்துக்கு முன்னாடி நிக்கற."

"அவங்க முன்னாடிதான் கேக்கணும். குடுத்தவங்க அவங்கதானே."

பெரியம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. ஆனால் குரல் கடையில் வேலை வாங்கும் குரல்தான். "என்னடி திருப்பிக் குடுக்கறது? அவ என்ன இரவல் வாங்கின குடையா?"

"குடையைக்கூட சொந்தக்காரங்ககிட்டதான் கேட்டு வாங்குவாங்க பெரியம்மா."

"கேட்டுத்தான் வாங்கினேன். எங்கம்மா குடுத்தா."

"பாட்டியா பெத்தாங்க?"

யாரோ "அடடா" என்றார்கள். எதிர்வீட்டு நர்ஸம்மா என் கையைப் பிடித்து உட்கார வைக்கப் பார்த்தாள். உதறிக்கொண்டேன். "எனக்கு அவ வேண்டாம், பெரியம்மா. நீங்களே அம்மாவா இருங்க. அவ படிக்கப் போகட்டும். எங்கம்மா ஒரு கையெழுத்துப் போடட்டும், நீங்க சரின்னு சொல்லுங்க. அவ்வளவுதான்."

"அந்தப் பொண்ணு மார்க்குக்கு விடலாம்தான்" என்று நர்ஸம்மா மெதுவாக ஆரம்பித்தாள். "உங்கம்மா இருந்திருந்தா இல்லன்னு சொல்லியிருக்க மாட்டாங்க."

"எங்கம்மா இருந்திருந்தா அவளை மெஷினை விட்டு எழுப்பியே இருக்க மாட்டா" என்றார் மாமா.

செத்தவளுக்கு வாய் நிறைய வேலை. ஆளுக்கொரு பக்கம் அவளைப் பேச வைத்தார்கள். அவள் குஷன் தைக்கச் சொல்லியிருப்பாள், கட்டடம் கட்டச் சொல்லியிருப்பாள், என்னை அறைந்திருப்பாள், குட்டியை அணைத்திருப்பாள். ஒரு கிழவர் தன் பேரனுடைய பொம்மையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "தங்கமான மனுஷி" என்று அழ ஆரம்பித்துவிட்டார். பெரியம்மா அதற்குள் சுதாரித்துக்கொண்டாள்.

"படிச்சு நீ என்னடி கிழிச்சே? நாள் பூரா நாற்காலியில உக்காந்து அடுத்தவன் விண்ணப்பத்துக்கு டிக் போடற. இங்க உக்காந்தா நாலு பேருக்குத் தூக்கம் வரும்."

"உங்க ஹோட்டல்காரனுக்கு வரும். இவளுக்கு வராது."

"நான் அவளைத் தூங்க வைக்காத நாள் உண்டாடி? இழுப்பு வந்தப்போ நெஞ்சு மேல போட்டுக்கிட்டு உக்காந்தவ நான். நீயா? உங்கம்மாவா?"

அதற்குப் பதில் இல்லை. அதனால் அம்மா பக்கம் திரும்பினேன். பதில் இல்லாதபோது அவள் பக்கம் திரும்புவது எனக்குப் பழக்கம்.

"நீ சொல்லும்மா. ஒரு வார்த்தை சொல்லு."

அம்மா புடவை மடிப்பில் ஒட்டியிருந்த பஞ்சைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். "குடுத்தது குடுத்ததுதான்" என்றாள்.

"நீ எங்க குடுத்தே? பாட்டி குடுத்தாங்க. நீ உக்காந்து வேடிக்கை பார்த்தே."

சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் சொன்னேன், சொன்னபோது எனக்கு நன்றாகத்தான் இருந்தது. அம்மா எழுந்தாள். அவள் குரல் உயர்ந்து நான் கேட்டதேயில்லை. மெஷின் சத்தத்தில் வாழ்ந்தவள், பேசுவதையே விட்டிருந்தாள். அப்போதும் உயரவில்லை.

"நானும் குடுத்தேன்டி. உன்னைக் குடுத்தேன்."

யாருக்கும் புரியவில்லை. எனக்கும்.

"உங்க பெரியம்மா கேட்டது உன்னைத்தான். ஆறு வயசு, தானா சாப்பிடும், தானா குளிக்கும், இதைக் குடுன்னா. நான் சரின்னுட்டேன். உன் துணிமணி எல்லாம் மூட்டை கட்டியாச்சு. பால் குடிக்கிற பிள்ளையை எவளாவது குடுப்பாளா? உங்க பாட்டிதான் குறுக்க வந்தா. பெரியவளுக்கு விவரம் தெரியும், காலம் பூரா என்னை ஏன் குடுத்தேன்னு கேப்பா, சின்னதுக்கு ஒண்ணும் தெரியாது, சின்னதைக் குடுன்னு மாத்தினா." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "மாத்தி என்ன பிரயோஜனம்? இப்பவும் நீதான் கேக்கற."

பெரியம்மாவைப் பார்த்தேன். இல்லை என்று சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தாள்.

அந்த மூட்டையை நினைத்துப் பார்த்தேன். எனக்கு ஞாபகம் இருக்கிறது அது. வெளியூர் போகிறோம் என்று நினைத்துக்கொண்டு அதன் மேல் ஏறி உட்கார்ந்திருந்தேன். பிறகு யாரோ வந்து அதைப் பிரித்தார்கள். பதினேழு வருஷமாக அந்தக் கிழவி மேல் ஆத்திரத்தை மனசுக்குள் வைத்துக்கொண்டிருந்தேன். என்னை வீட்டில் வைத்துக்கொண்டவளே அவள்தான் என்றால் இந்த ஆத்திரத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது? அதுவும் என் மேல் ஆசைப்பட்டு வைத்துக்கொள்ளவில்லை. நான் தொந்தரவு தருவேன் என்று கணக்குப் போட்டு வைத்துக்கொண்டாள். சரியாகத்தான் போட்டிருக்கிறாள். உடம்புக்கு எங்கே வலிக்கும் என்று தெரிந்தவள் ஆயிற்றே.

கதவருகே தட்டும் கோப்பையுமாக நின்றிருந்த குட்டி தட்டைக் கீழே வைத்தாள்.

"சித்தி, என்னை வச்சுக்கணும்னு இருந்தீங்களா?"

"இருந்தேன்" என்றாள் அம்மா.

"அப்போ கையெழுத்துப் போடுங்க."

"மாட்டேன்."

"ஏன்?"

"போட்டா நீ என் பொண்ணுன்னு ஆயிடும். அப்போ குடுத்தது தப்புன்னு ஆயிடும். நான் எதுக்கு இத்தனை வருஷம் மண்ணை மடியில வச்சுக்கிட்டு வாயை மூடிட்டு இருந்தேன்? உனக்குக் கட்டடம் கட்டணும்னா, அதுக்கு நானா கிடைச்சேன்?"

குட்டியின் உதடு ஒருமுறை இழுத்தது. அழவில்லை. என் பக்கம் திரும்பினாள். அடுத்தது எனக்கு என்று தெரிந்துவிட்டது.

"உன்னை யாரு கேக்கச் சொன்னா?"

"குட்டி, நாளைக்குக் கடைசி நாள்..."

"படிக்கணும்னு சொன்னேன். திருப்பிக் குடுன்னு கேக்கச் சொன்னேனா? நாப்பது பேர் முன்னாடி? பாட்டி என்னைத் தூக்கிக் குடுத்தா. நீ என்னைத் தூக்கிட்டு வரப் பாக்கற. உனக்கும் அவளுக்கும் என்ன வித்தியாசம்? அவளுக்காவது தைக்கத் தெரியும்."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். சிரிப்பதற்கு இடம் கிடைத்தால் போதும் அவர்களுக்கு. குட்டி போய்ப் பெரியம்மாவின் பக்கத்தில் மெத்தையில் உட்கார்ந்தாள். அதுவரை கல் மாதிரி இருந்த பெரியம்மா உடைந்துபோய் அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். "போகணும்னா போடி, போ" என்று அழுதாள். ஆனால் கை குட்டியின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தது. குட்டி அந்தக் கையைப் பார்த்தாளே தவிர எடுத்துவிடவில்லை.

நான் பையிலிருந்து விண்ணப்பத்தை எடுத்தேன். துணி வெட்டும் மேஜைக்குப் போனேன்.

அம்மாவுக்குக் கையெழுத்து என்று சொந்தமாக ஒன்று கிடையாது. இரண்டாம் வகுப்பில் என் ரிப்போர்ட் கார்டில் அவள் வைத்த கைநாட்டைப் பார்த்து டீச்சர் எல்லோருக்கும் காட்டினாள். அன்றைக்கு மத்தியானம் நானே ஒரு கையெழுத்தை உண்டாக்கினேன்: முதல் எழுத்து பெரிதாக, கடைசி எழுத்தின் வால் கீழே இழுத்து. அதற்கப்புறம் ரிப்போர்ட் கார்டு, கல்லூரி விண்ணப்பம், பேங்க் புத்தகம் எல்லாவற்றிலும் அம்மாவின் கையெழுத்து நான் போட்டதுதான். ஒவ்வொரு தடவையும் அவளிடம் காட்டுவேன், அவள் தலையாட்டுவாள், அப்புறம்தான் போடுவேன். இந்தத் தடவையும் அவள் தலையாட்டட்டும் என்றுதான் பத்து நாள் காத்திருந்தேன்.

நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. இல்லை என்று தலையசைத்தாள்.

போட்டேன். பெரிய முதல் எழுத்து, கீழே இழுத்த வால்.

மாமா மேஜைக்கு ஓடி வந்தார். "ஏய்! பொய்க் கையெழுத்துப் போடறியா? இரு, உன்னைப் போலீஸ்ல சொல்றேன்."

"சொல்லுங்க. நிஜக் கையெழுத்து எப்படியிருக்கும், காட்டுங்கன்னு கேப்பாங்க. என்ன காட்டுவீங்க?"

மாமா அம்மாவைப் பார்த்தார். "நீயே சொல்லேன், இது உன் கையெழுத்து இல்லன்னு."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அங்கேயே கிழித்திருப்பேன் என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன். அப்போது அப்படி நினைக்கவில்லை.

"இனிமே என் வீட்டுப் படியேறாதே" என்றாள் அம்மா. கையெழுத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

"சரிம்மா."

விண்ணப்பத்தை உறையில் போட்டேன். குட்டிக்கு முன்னால் போய் நின்றேன். அவள் நிமிரவில்லை.

"நாளைக்கு இதைக் குடுத்துடுவேன். இடம் உன் பேர்ல இருக்கும். வர்றதும் வராததும் உன் இஷ்டம். நான் கேக்க மாட்டேன், யாரையும் கேக்க மாட்டேன்."

"வரலைன்னா?" என்றாள், தரையைப் பார்த்துக்கொண்டே.

"வரலைன்னா வீணாப் போகும்."

பெரியம்மாவின் பிடி இன்னும் இறுகியது. மெத்தைகளின் நடுவே நடப்பது கஷ்டம், கால் புதையும். ஒவ்வொருவராக முழங்காலை ஒதுக்கி வழிவிட்டார்கள். வாசலில் செருப்புக் குவியலில் என்னுடையதைத் தேடி மாட்டினேன். உள்ளே மாமா யாரையோ டீ கொடுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

கல்லூரி அலுவலகம் ஒன்பதரைக்குத் திறக்கும். எட்டு மணிக்கே போய் வரிசையில் நின்றுவிடுவேன். பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தேன்.